கலியாண எழுத்து (பதிவு) இல்லாமல் சேர்ந்து வாங்கின வீடு: பிரியும்போது எப்படிப் பங்கிடுவது?

பரந்தன்_வாசகி கேட்டது:

விபரத்தை ஒழுங்காகத் தருகிறேன்.

பரந்தனில் 4 பரப்பு உறுதிக் காணி, 2017 இல் வாங்கியது. உறுதியில் என்னுடையதும் என்னோடு சேர்ந்து வாழ்ந்தவருடையதுமாக இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது, ஆளுக்குப் "பிரிபடாத சரி அரைவாசி" என்று. 2019 இல் அதே காணியை வங்கிக்கு ஈடு வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு 25 இலட்சம் வீட்டுக் கடன் எடுத்தோம். 10 வருடத் தவணை, மாதம் 36 ஆயிரம். இன்னும் 42 தவணை கிடக்கிறது, நிலுவை சுமார் 12 இலட்சம். வீடு கட்டி முடிய 39 இலட்சம் போனது. கடனுக்கு மேலே போன 14 இலட்சத்தையும் வெளிநாட்டிலிருந்து என் அண்ணா என்னுடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். பிரிந்து 18 மாதம். அந்த 18 தவணையும் என் சம்பளத்தில் கட்டியது. வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம்.

இதைவிட அக்கராயனில் ஒரு ஏக்கர் பெமிற் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) அவருடைய பெயரில் இருக்கிறது. அதில் குழாய்க் கிணறு அடித்ததும் தென்னை வைத்ததும் என் காசு, சுமார் 6 இலட்சம், ரசீது உண்டு.

கலியாண எழுத்து இல்லை. வீட்டை நான் வைத்துக்கொண்டு அவருக்குரிய காசைக் கொடுக்க விருப்பம். அவரோ தன் பாதியை வெளி ஆளுக்கு விற்கப் போவதாகச் சொல்கிறார். எவ்வளவு கொடுப்பது நியாயம்? எந்த ஒழுங்கில் செய்வது? பெமிற் காணியில் எனக்கு ஏதும் உண்டா?

---

உறுதிக்கட்டு:

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். கிராம சேவகருக்கு முன்னால் வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போடுவது, பொலிஸ் நிலையத்தில் "இனி இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுவிப்பது, இரண்டுமே காணிக்குச் செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில்தான் இருக்கிறது. அசைவற்ற சொத்தில் உரிமை மாறுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க, உறுதி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வன்னியில் பாதிக் காணிச் சண்டை இந்த வெள்ளைத்தாளில்தான் தொடங்குகிறது. காசு கை மாறிவிடும், உரிமை மாறாது. பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்.

ஒழுங்கு இதுதான்:

காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, 2017 உறுதிக்குப் பிறகு என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பிரதி எடுங்கள். வங்கியின் ஈடு ஒன்று மட்டும் இருக்க வேண்டும். அவர் தன் பாதியை ஏற்கனவே எங்காவது ஈடு வைத்திருந்தால் இங்கேதான் தெரியவரும். பிறகு ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு எழுத்தில் மதிப்பு எடுங்கள், காணி வேறு, கட்டடம் வேறாக. வங்கியில் நிலுவைக் கடிதம் கேளுங்கள். அதில் முன்கூட்டி அடைத்தால் வரும் மேலதிகக் கட்டணமும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கையில் வந்த பிறகே விலை பேசுங்கள்.

விலை தீர்ந்ததும் அவருடைய அரைப்பங்கை உங்களுக்கு அறுதி உறுதியாக (முழு விற்பனை உறுதி) எழுத வேண்டும். "நன்கொடை உறுதியாக எழுதினால் முத்திரைக் கட்டணம் குறையும்" என்று யாராவது சொல்லுவார்கள், கேளாதீர்கள். காசு கொடுத்ததற்கு உறுதியில் தடம் இருக்காது. போதாததற்கு, நன்றிகெட்ட நடத்தை என்று சொல்லி நன்கொடையை நீக்கக் கேட்டு நீதிமன்றம் போக வழி இருக்கிறது. "மீளப்பெற முடியாதது" என்று எழுதிய நன்கொடைக்கே 2017 இல் அதற்கென்று சட்டம் வந்தது. பிரிந்த இரண்டு பேருக்கு இடையில் இந்த வாசல் திறந்து கிடக்கக்கூடாது.

அறுதி உறுதிக்கு முத்திரைக் கட்டணம் வழமையாக முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். கடனைக் கழிக்காமல் அரைப்பங்கின் முழு மதிப்பில்தான் கணக்கு. உதாரணமாகச் சொத்து 84 இலட்சம் என்றால் பாதி 42. அதற்கு 3 ஆயிரமும் 1 இலட்சத்து 64 ஆயிரமுமாக 1 இலட்சத்து 67 ஆயிரம். நொத்தாரிசுக் கூலி வேறு. மதிப்பைக் குறைத்துப் போட்டால் பின்னால் மதிப்பீடு திருத்தப்பட்டு மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

---

மன்றவாசல்:

உறுதிக்கட்டு சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. எழுத்து இல்லை என்கிறீர்கள். தாலி கட்டினதா?

இலங்கையில் பதிவு இல்லை என்பதால் மட்டும் கலியாணம் இல்லையென்று ஆகாது. இந்து முறைப்படி தாலி, கூறை என்று சடங்கு நடந்திருந்தால் அது செல்லுபடியான விவாகம் என்று வாதாடலாம். சடங்குக்குச் சாட்சி இல்லாவிட்டாலும், நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து ஊரும் அப்படியே ஏற்றிருந்தால் விவாகம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலரின் குடும்பப் பதிவு, பழைய பிறப்புச் சான்றிதழில் "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா" என்ற கூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்போது சாட்சி. இறுதி யுத்த நாட்களிலும் முகாம்களிலும் எழுத்தில்லாமல் நடந்த கலியாணங்களுக்கு இது இன்றைக்கும் பெரிய விசயம்.

விவாகம் என்றாகிவிட்டால் உங்களுக்குத் தேவை பங்கு உறுதி மட்டுமில்லை, விவாகரத்தும்தான். தேசவழமை (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) உங்களைக் கட்டுப்படுத்துமானால் "தேடிய தேட்டம்", அதாவது விவாக காலத்தில் தேடிய சொத்துப் பற்றிய விதி, வந்துவிடும். அதைவிட, தேசவழமைக்கு உட்பட்ட விவாகமான பெண் தன் காணியை விற்க அல்லது ஈடு வைக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பிற்போக்கான ஏற்பாடுதான், ஆனால் இன்னும் நீக்கவில்லை.

தேசவழமை யாருக்கு என்பதிலும் வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. அது வட மாகாணத்தை நிரந்தர வாழிடமாகக் கொண்ட தமிழருக்குரியது. மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு அது பொருந்துமா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்விட வரலாற்றைப் பார்த்துத் தீர்மானிப்பது. பேச்சுத் தமிழை வைத்தோ ஊர்ப் பெயரை வைத்தோ முடிவெடுக்க முடியாது.

ஆகவே முதலில் மூன்று பதில் தாருங்கள். தாலி கட்டினதா? இரண்டு பேரில் யாருக்காவது முன்னர் பதிவான விவாகம் இருக்கிறதா? இரண்டு பேரின் குடும்பமும் வடக்கா?

---

பரந்தன்_வாசகி:

தாலி கட்டவில்லை. கோயிலில் மாலை மாற்றினது மட்டும். இரண்டு குடும்பமும் வடக்குத்தான். அவருக்கு முந்திய பதிவுத் திருமணம் உண்டு, அந்த விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு இல்லை.

---

மன்றவாசல்:

அப்போது படம் மாறுகிறது.

முந்திய விவாகம் உயிரோடு இருக்கும்வரை அவரால் இன்னொரு விவாகம் செய்ய முடியாது. ஆகவே உங்கள் இருவருக்கும் இடையில் விவாகம் என்ற அனுமானம் எழாது, தேடிய தேட்டமும் இல்லை. உங்களுக்குள் பேசுவது உறுதி மட்டுந்தான்: பாதி பாதி.

ஆனால் அவருடைய பாதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை அவர் வாங்கியது சட்டப்படியான விவாகம் இருந்த காலத்தில். தேசவழமைப்படி அது அவருடைய தேடிய தேட்டமாகக் கருதப்படக்கூடியது. அவர் மரண சாதனம் எழுதாமல் நாளைக்கு இறந்தால் அந்தப் பாதியில் சரிபாதி சட்டப்படியான மனைவிக்கும் மற்றது அவருடைய வாரிசுகளுக்கும் போகும். பிறகு நீங்கள் வீட்டுப் பங்கு பேசவேண்டியது அவர்களோடு. கவனமான நொத்தாரிசு என்றால் அந்த மனைவியையும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்து வைக்கச் சொல்லுவார். முடிந்தால் வாங்குங்கள். உறுதியில் அவருடைய விவாக நிலையை மறைத்து எழுதவேண்டாம், பின்னால் உறுதியைத் தாக்குபவருக்கு அதுவே முதல் ஆயுதம்.

உங்களுக்கும் இது பொருந்தும். விவாகமில்லாத சோடி ஒருவருக்கொருவர் வாரிசு இல்லை. உங்கள் பங்கு மகளுக்கு வரும். தகப்பனின் சொத்து விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தானாக வராது, மரண சாதனமோ உறுதியோ எழுதினால்தான் உண்டு. தாபரிப்பு வேறு விசயம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மகளுக்காக நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், பெற்றோருக்கு விவாகம் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. அதை வீட்டு விலைக்குள் போட்டுக் கலக்காதீர்கள். "தாபரிப்புக் கேட்கமாட்டேன், வீட்டைத் தா" என்ற பேரம் பிள்ளையைக் கட்டாது.

வெளி ஆளுக்கு விற்பது பற்றி. பிரிபடாத பங்கை இணை உரிமையாளர் விற்கலாம், உங்கள் அனுமதி தேவையில்லை. ஆனால் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்னுரிமைக் கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலில் வாங்கும் உரிமை இணை உரிமையாளர் என்ற வகையில் உங்களுக்கு உண்டு. விற்பவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்றம் போங்கள். அதற்கு முன்னால் மலிவான காவல் ஒன்று இருக்கிறது. 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பதியலாம். இந்தக் காணிக்கு ஏதாவது ஆவணம் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும். விற்பனையை அது தடுக்காது, ஆனால் தெரியாமல் நடக்க விடாது.

---

உறுதிக்கட்டு:

ஒரு சந்தேகம். அண்ணாவின் 14 இலட்சத்துக்கு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு வராதா? ஒருவர் காசு கொடுக்க மற்றவர் பெயரில் சொத்து எழுதப்பட்டால், காசு கொடுத்தவருக்காகத்தான் அவர் வைத்திருக்கிறார் என்ற பிரிவு.

மன்றவாசல்:

இங்கே வராது. 84 பேசுவது காணி வாங்கக் கொடுத்த விலைப்பணம் பற்றி. இந்த 14 இலட்சம் போனது காணி வாங்கி இரண்டு வருடத்துக்குப் பிறகு, கட்டடத்துக்கு. அது இணை உரிமையாளர் செய்த அபிவிருத்தி. நிலம் யாருடையதோ கட்டடமும் அவருடையது, ஆகவே வீடு இருவருக்கும் பாதி. ஆனால் மற்றவரின் சம்மதத்தோடு கட்டியவர் நட்டஈடு கேட்கலாம். சாட்சி என்னவென்றால் அண்ணாவின் பணம் கணக்குக்கு வந்த வங்கிக் கூற்று, அதே காலத்தில் உங்கள் பெயரில் வந்த சீமெந்து, கம்பி, ஓட்டு ரசீதுகள், மேசனுக்குக் கொடுத்த கணக்கு. காசு வந்தது ஒரு கடதாசியிலும் செலவானது இன்னொரு கடதாசியிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு வருட இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அங்கேதான் கை வைப்பார்.

---

சங்கிலிக்கல்:

நில அளவைப் பக்கத்திலிருந்து. முதலில் கணக்கு, பிறகு காணி.

பரந்தன் பக்கம் விலை இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்குப் பரப்பு 6 இலட்சமாக 4 பரப்பும் 24, வீடு 60, மொத்தம் 84 இலட்சம் என்று வைப்போம். கடன் 12 போக 72. இதில் பேச்சுவார்த்தைக்கு மூன்று கணக்கு உண்டு:

அண்ணாவின் காசைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆளுக்கு 36. நீங்கள் கடனைப் பொறுப்பெடுத்து அவருக்கு 36 இலட்சம்.

14 இலட்சத்தை மட்டும் முதலில் உங்களுக்குக் கழித்தால் மிச்சம் 58, ஆளுக்கு 29. அவருக்கு 29 இலட்சம்.

அந்தக் காசு வீட்டின் எத்தனை பங்கு என்று பார்த்தால் 39 இல் 14. இன்றைய 60 இலட்சம் வீட்டில் அது சுமார் 21 இலட்சத்து 54 ஆயிரம். 72 இல் இதைக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்கினால் அவருக்கு 25 இலட்சத்து 23 ஆயிரம்.

ஆக, பேச்சு 25 க்கும் 36 க்கும் இடையில். நடுவில் உள்ள கணக்கில்தான் பெரும்பாலும் ஆட்கள் வந்து நிற்பார்கள், ஏனென்றால் அதை ஒரு துண்டுக் கடதாசியில் விளங்கப்படுத்தலாம். பிரிந்த பிறகு கட்டிய 18 தவணை 6 இலட்சத்து 48 ஆயிரம். அதில் பாதி, 3 இலட்சத்து 24 ஆயிரம், அவருடைய பங்கிலிருந்து குறைய வேண்டும். "நீங்கள்தானே வீட்டில் இருந்தீர்கள், வட்டியை நீங்களே கட்டுங்கள்" என்று அவர் சொல்லலாம். முழுக்கப் பிழையான கதையுமில்லை. தவணை அட்டவணையை வாங்கி முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து வைத்திருங்கள். முதல் தொகையின் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் காணி. அவர் காசு வேண்டாம், நிலம் வேண்டும் என்றால் 4 பரப்பைப் பிரிக்கலாம். 4 பரப்பு 40 பேர்ச்சஸ். வீடு நிற்கிற 2 பரப்பு உங்களுக்கு (12, வீடு 60, கடன் 12, ஆக 60), வெறும் 2 பரப்பு அவருக்கு (12). பாதி பாதிக் கணக்கில் 36 க்குச் சமனாக நீங்கள் 24 இலட்சம் கொடுக்க வேண்டும். கோட்டை நகர்த்தி அவருக்கு இரண்டரைப் பரப்பு கொடுத்தால் 21 இலட்சமாகக் குறையும். காகிதத்தில் இலேசு, தரையில் பிழைப்பது நாலு இடத்தில்:

பாதை. பின் துண்டுக்குப் போக 12 அடிப் பாதை 100 அடி நீளத்துக்கு விட்டால் 1,200 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, ஆகவே 4 பேர்ச்சஸுக்கு மேல் பாதைக்கே போய்விடும். யாருடைய பங்கிலிருந்து என்பதை உறுதியில் எழுதுங்கள்.

கிணறு. "வழி வாய்க்கால், கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை" என்ற வரி இல்லாமல் பிரித்தால், கிணறு இல்லாத துண்டுக்காரர் ஒரு மாரிக்குள் சண்டைக்கு வந்துவிடுவார். அவருடைய துண்டில் புதிதாக மலசலகூடக் குழி வந்தால் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 20 பேர்ச்சஸ் துண்டில் அந்த 50 அடி எங்கே விழுகிறது என்று பிளானிலேயே வட்டம் போட்டுப் பாருங்கள். பல நேரம் வீடு கட்ட இடமே மிஞ்சாது.

வேலி. கிளுவை வேலி எல்லை இல்லை, எல்லைக் கல்தான் எல்லை. பழைய பிளானோடு ஒத்துப் பார்த்துக் கல் நடாமல் கோடு போடாதீர்கள். சுவருக்கு நடுவால் வீட்டைப் பிரிக்கச் சொல்லியும் ஆட்கள் கேட்பார்கள். கூரை ஒன்று, பீலித் தண்ணீர் ஒரு பக்கம், மின்மானி ஒன்று. அதைச் செய்யவே வேண்டாம்.

பிரதேச சபை. உட்பிரிவு அங்கீகாரம் எடுக்காத துண்டுக்குப் பின்னால் கட்டட அனுமதி கேட்டால் அங்கேயே நிற்கும்.

கடைசியாக ஒன்று. காணியைப் பிரித்தாலும் வங்கி ஈடு இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வங்கி ஒரு துண்டை விடுவிக்கச் சம்மதிக்காமல் பிரிவிடல் உறுதி எழுதுவதில் அர்த்தமில்லை.

---

காணிக்கிளை:

அக்கராயன் காணிக்குப் பதில் சொல்ல ஆளில்லைப் போல, நான் சொல்லுறன்.

தங்கச்சி, பெமிற் காணி அரசாங்கத்தின்ர காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்தது. அதைப் பிரிவிடல் வழக்குப் போட்டுப் பிரிக்கேலாது, விக்கேலாது, அவர் உங்களுக்கு எழுதித் தந்தாலும் செல்லாது. பின்னுரித்தாளராகவும் (அவருக்குப் பிறகு காணி பெறுறவர்) உங்களைப் போடேலாது. சட்டப்படியான வாழ்க்கைத்துணையும் அட்டவணையில இருக்கிற உறவுக்காரரும்தான் அதுக்குள்ள வருவினம். 2022 திருத்தத்தில ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை எண்ட கதையை எடுத்தவை, அது நல்லது. ஆனால் எழுத்தில்லாத துணைக்கு அதால ஒண்டும் வரேல்லை.

அளிப்புப் பத்திரம் கிடைச்ச காணியெண்டாலும் பிரதேச செயலாளரின்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் கை மாத்தேலாது. உட்பிரிவுக்கு ஆகக்குறைஞ்ச அளவும் பத்திரத்திலேயே போட்டிருக்கும்.

வீட்டுத்திட்ட வீடுகளுக்கும் இதே கதைதான், வாசிக்கிற மற்றவைக்காகச் சொல்லுறன். இந்திய வீட்டுத்திட்டத்தில 5 இலட்சத்து 50 ஆயிரம் ஆற்ற பெயரில வந்துதோ, அவர்தான் பயனாளி. மேல காசு போட்டுக் கட்டின மற்றவர் காணியில பங்கு கேக்கேலாது, போட்ட காசைத்தான் கேக்கலாம்.

உங்கட 6 இலட்சமும் அப்பிடித்தான். அவர் உங்கட செலவில லாபமடைஞ்சிட்டார், அதைத் திருப்பித் தா எண்டு காசுக்கு மட்டும் கேக்கலாம். இதில கவனிக்க வேண்டியது காலம். எழுத்தில ஒப்பந்தம் இல்லாட்டி 3 வருசத்தில காலாவதி. எழுத்தில இருந்தா 6 வருசம். குழாய்க் கிணறு அடிச்ச ரசீதில என்ன திகதி எண்டு முதல்ல பாருங்கோ. காலம் கிட்டுதெண்டால் வீட்டுக் கணக்கோட சேர்த்துப் பேசி முடியுங்கோ. தொகையைப் பொறுத்து வழக்குக்கு முதல் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும், அங்க தீராட்டி அதுக்கொரு சான்றிதழ் தருவினம். கோபத்தில போய்த் தென்னையைத் தறிக்கிறது, மோட்டரைக் கழட்டுறது செய்யாதேங்கோ. பிறகு குற்றவாளி நீங்கள்.

---

பரந்தன்_வாசகி:

நன்றி. குழாய்க் கிணறு ரசீதுக்கு இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு கேள்வி. அவர் சம்மதிக்காவிட்டால் வழக்கு எப்படிப் போகும்? நான் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றினால் என்ன செய்வது?

---

மன்றவாசல்:

பூட்டுத்தான் அவசரம், அதை முதலில் சொல்கிறேன். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், அமைதி குலையும் நிலை இருந்தால் பொலிஸ் மூலமோ நேரடியாகச் சத்தியக்கடதாசி கொடுத்தோ ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை, இருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். வெளியேற்றப்பட்டு 2 மாதத்துக்குள் போனால் திரும்ப உள்ளே விட உத்தரவிடலாம். ஆகவே "பேசித் தீர்ப்போம்" என்று இழுத்து அந்த 2 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். மின் பட்டியல், மகளின் பாடசாலைப் பதிவு, கிராம அலுவலரின் வதிவிடச் சான்று எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அடி, மிரட்டல் இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்ந்த துணைக்கும் பொருந்தும். வீட்டுக்குள் வரத் தடைசெய்யும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் 12 மாதம்வரை தரலாம். உறுதியில் அவருடைய பெயர் இருப்பது அதற்குத் தடையில்லை.

வழக்கு என்றால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ், காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில். எந்த இணை உரிமையாளரும் போடலாம், மற்றவரின் சம்மதம் தேவையில்லை. வழக்கைப் போட்டதும் வழக்கு நிலுவை அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதியப்படும். அதற்குப் பிறகு வழக்கு முடியும்வரை பிரிபடாத பங்கை அவர் விற்றால் அது செல்லாது. நீங்கள் கேட்ட பயத்துக்கு உண்மையான மருந்து இதுதான். ஆனால் உங்கள் கையையும் அதே கயிறு கட்டும். அந்தக் காலத்தில் உங்கள் பங்கை வைத்து நீங்களும் புதுக் கடன் எடுக்க முடியாது.

பிறகு நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். அந்த நாளில் நீங்கள் காணியில் நிற்க வேண்டும், கட்டாயம். எந்தக் கட்டடத்தை, எந்த மரத்தை யார் உரிமை கோருகிறார் என்று அவர் தன் அறிக்கையில் எழுதுவார். வீடு முழுவதையும், அல்லது அதில் உங்கள் காசில் முடிந்த பகுதியை, உங்கள் அபிவிருத்தி என்று அங்கேயே சொல்லிப் பதிய வையுங்கள். அன்று பேசாமல் இருந்துவிட்டு விசாரணையில் 14 இலட்சத்தை எடுத்தால் "அளவையாளரிடம் ஏன் சொல்லவில்லை" என்றுதான் முதல் கேள்வி வரும். இடைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு என்று வருடக்கணக்கில் போகும், செலவும் பங்கு விகிதத்தில் விழும். பிரிக்க முடியாத சொத்தென்றால் விற்கச் சொல்லி உத்தரவு வரலாம். ஏலத்தில் வாங்கக் கையில் காசு உள்ளவர்தான் வெல்லுவார்.

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொந்தமாக வசித்த பிரதான வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய 3 வருடம் தொடர்ச்சியாகச் சொந்தமாக இருந்து, அதில் 2 வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். அவர் வெளியேறி 18 மாதம் என்றால் கடைசி 36 மாதத்தில் 18 மாதந்தான் வசித்திருக்கிறார். ஆகவே அந்த விலக்கு அவருக்கு இல்லை, வரியை விலையோடு சேர்த்துக் கேட்பார். அது விற்பவரின் பொறுப்பு என்று பேச்சின் தொடக்கத்திலேயே தெளிவாக்குங்கள்.

சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுக் கிளைக்குப் போகலாம். வருமானச் சான்றுக்குக் கிராம அலுவலரின் கடிதம் கொண்டு போங்கள்.

---

உறுதிக்கட்டு:

காசு கொடுக்கும் நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முற்பணம் என்று கையில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு உறுதியாக எழுதிப் பதிந்துவிட்டுக் கொடுங்கள்.

வங்கியில் அவருடைய பெயர் கடனிலிருந்து தானாக நீங்காது. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தவணை நின்றால் வங்கி வழக்குப் போட்டு ஈடு வைத்த சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாம், இருவருக்குள் யாருடைய பிழை என்று அது பார்க்காது. ஆகவே இரண்டு வழி: உங்கள் சம்பளத்தில் தனியே புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பது, அல்லது அண்ணா 12 இலட்சத்தையும் தந்து முடிப்பது. எதுவானாலும் ஈட்டு மீட்பு உறுதியும் அறுதி உறுதியும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்கட்டும். அவருக்குரிய தொகை வங்கிக் கட்டளையாக அங்கேயே கை மாறி, அதன் இலக்கம் உறுதியில் எழுதப்பட வேண்டும். மகளுக்கு எழுதவேண்டிய மரண சாதன விசயத்தையும் அதே நொத்தாரிசிடம் அன்றே முடிக்கலாம்.

உறுதி கையெழுத்தான பிறகு பதிவுக்குப் போனதா என்று நீங்களே காணிப் பதிவகத்தில் போய்க் கேளுங்கள். பதியாமல் கிடக்கும் உறுதியைப் பிந்தி எழுதி முந்திப் பதிந்த இன்னொரு உறுதி வெல்லக்கூடும். அதுவரை தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள், உங்கள் கணக்கிலிருந்து நேராக, கையில் காசாக இல்லை.